சிவப்புச் சாயமும் பச்சை ஒளியும்

போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில் போவா டி வார்சிம் என்றொரு மீனவர் ஊர் உண்டு. அங்கே சில குடும்பங்களில், நடுவயதை எட்டுமுன்பே பாதங்களில் சூடும் வலியும் உறைக்காமற் போகும் நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. கொரினோ டி ஆன்ட்ரேட் என்ற மருத்துவர் இதனை ஆராய்ந்து 1952-இல் வெளியிட்டார். கல்லீரல் உண்டாக்கும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம், மரபணுப் பிழையால் உருக்குலைந்து, நுண்ணிய இழைகளாக நரம்புகளிடையே படிகிறது. இப்படிவே அமிலாய்டு.

நரம்பு கெட்டிருப்பதை எவ்வாறு அறிவது? முழங்கையில் மின்துடிப்புக் கொடுத்தால் கட்டைவிரல் தசை 8 மில்லிசெகண்டில் துடிக்கிறது என்க. மணிக்கட்டில் கொடுத்தால் 4 மில்லிசெகண்டில். இரு இடங்களுக்கும் இடைத்தொலைவு 22 செ.மீ. எனில், வேகம் 0.22 ÷ 0.004 = 55 மீ/செ. ஒரே இடத்தில் அளந்தால் போதாதா? போதாது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி தாவுவதற்கும் சிறிது நேரம் பிடிக்கும்; கழிக்கும்போது அது நீங்கிவிடுகிறது.

55 என்பது நல்ல அளவுதான். ஆனால் இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது! இக்கருவி பருத்த நரம்பிழைகளையே காண்கிறது. சூட்டையும் வலியையும் கொண்டு செல்லும் மெல்லிய இழைகளில் செய்தி செகண்டுக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான் நகரும். அவை கருவிக்குத் தென்படா. இந்நோயில் பெரும்பாலும் முதலில் கெடுபவையோ அவைதாம். நோயாளிக்குப் பாதம் எரியும். கருவி 'குறையில்லை' என்னும். பருத்த இழைகள் கெடத் தொடங்கிய பின்னும் வேகம் அவ்வளவாகக் குறையாது. அலையின் உயரமே குறையும். சாலையில் பேருந்துகள் குறைந்தாலும் ஓடுபவை பழைய வேகத்திலேயே ஓடுமல்லவா? ஆகவே தோலில் சூடும் குளிரும் வைத்துச் சோதிப்பர். துளித் தோலெடுத்து நரம்பு நுனிகளை எண்ணுவர்.

கெடுத்தது நீரிழிவா, அமிலாய்டா? அதற்கு விடை ஒளியியலில் இருக்கிறது. திசுத்துண்டில் காங்கோ சிவப்பு என்னும் பழைய துணிச்சாயத்தை ஏற்றி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்திய இரு தளவிளைவாக்கிகளுக்கு இடையே நுண்ணோக்கியில் பார்ப்பர். புலம் இருண்டிருக்கும். அமிலாய்டு இழைகளில் சாய மூலக்கூறுகள் வரிசையாக ஒட்டுவதால் இரட்டை ஒளிவிலகல் ஏற்பட்டு, அவை மட்டும் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். படிவு திட்டுத்திட்டாக இருப்பதால், எடுத்த துண்டில் அகப்படாமலும் போகலாம். பச்சை தெரியவில்லை என்பதற்காக நோயில்லை என்று தீர்த்துவிட முடியாது. எந்தப் புரதம் என்பதையும் தனியே கண்டறிய வேண்டும். மரபணுச் சோதனை இதற்கு உதவும். சிலவகை இரத்தநோய்களிலும் வேறொரு புரதம் இவ்வாறே படியும். அதற்கு மருந்து வேறு.

1990-இல் சுவீடனில் இந்நோய்க்கு முதன்முதலாகக் கல்லீரல் மாற்றினர். இன்று புரதம் சிதையாமல் கட்டிப்பிடிக்கும் மாத்திரையும், அது உருவாவதையே தடுக்கும் ஊசிமருந்தும் உள்ளன. இவை மேற்கொண்டு கெடுவதைத்தான் பெரிதும் தடுக்கும். அழிந்த நரம்பிழை எளிதில் மீளாது.