இறங்குதலும் இணங்குதலும்

உயர்ந்த பொருளில் வழங்கிய சொல்லொன்று காலப்போக்கில் இழிந்த பொருளை யடைதல் எம்மொழிக்கும் இயல்பேயாம். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னுஞ் சொல் இக்காலத்துப் படும் பாட்டை நாம் அறிவோம். ஆங்கிலத்தில் 'காண்டிசெண்ட்' என்னுஞ் சொல்லின் வரலாறும் அத்தகையதே.

இலத்தீன் மொழியில் 'உடன்', 'இறங்குதல்' என்னும் பொருளுடைய இரு பகுதிகளாலாயது இச்சொல். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், எளியாரிடத்து ஒழுகவேண்டிய நற்குணமாகவே இது வருகின்றது. அவ்விடத்துத் தமிழ் வேதாகமம் 'இணங்குதல்' என்ற சொல்லை ஆண்டிருத்தல் கருதத்தக்கது. 1755இல் வெளிவந்த ஜான்சனது அகராதியும், மேலோர் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்தல் என நற்பொருளே தந்தது. ஜேன் ஆஸ்டின் அம்மையார் இயற்றி 1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலிலோ, காலின்ஸ் என்னும் குருவானவர் தம்மை ஆதரிக்கும் சீமாட்டியின் இக்குணத்தை ஓயாது புகழ்கின்றார். அவர் மெய்யாகவே புகழ, படிப்போர் நகைக்கின்றனர். இன்று இச்சொல் இகழ்ச்சிப் பொருளிலேயே பெரும்பாலும் வழங்குகின்றது.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? பிறப்பாலும் செல்வத்தாலும் உயர்வு தாழ்வு உண்டென உலகம் ஒப்பிய காலத்தில், இறங்கி வருதல் அருளாகத் தோன்றிற்று. மக்கள் யாவரும் நிகரென்ற எண்ணம் வலுப்பெற்றபின், இறங்கி வருபவன் தான் மேலே நிற்பதாக முன்னரே எண்ணிக்கொண்டான் என்பது வெளிப்படலாயிற்று.

தமிழில் இதற்கு நேரான தனிச்சொல் எளிதிற் கிடைப்பதன்று. 'மேட்டிமை' என்றால் செருக்கு மட்டுமே தோன்றும். 'இரக்கம்' என்றால் அன்பு மட்டுமே தோன்றும். இரண்டுங் கலந்த நிலையையே இச்சொல் சுட்டுகின்றது. ஆதலின் இது வசைமொழியில் மட்டுமன்றிப் புகழ்மொழியிலும் மறைந்து நிற்கும். கிராமத்து முதியவர் ஒருவரை நோக்கி, "உமக்கு இவ்வளவு தெரியுமா!" என்று நாம் வியக்குங்கால், அவர் ஒன்றும் அறியாரென நாம் முன்னரே தீர்ப்பிட்டிருந்தமை புலனாகின்றதன்றோ?

1910இல் எடின்பரோ நகரிற் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், நெல்லைச் சீமையிற் பிறந்து, பின்னர் 1912இல் தோர்ணக்கல் அத்தியட்சரான அசரியா அவர்கள், மிஷனெரிமாரின் தியாகத்தை நன்றியுடன் போற்றி, அதற்குமேல் எமக்கு நண்பர்களைத் தாருங்கள் என்னுங் கருத்துப்பட வேண்டிக்கொண்டார்கள். உபகாரம் எத்துணைப் பெரிதாயினும் அது நட்பாகாது என்பதே அவ்வேண்டுகோளின் உட்பொருள்.

அன்று அவ்வேண்டுதல் மேனாட்டாரை நோக்கியது. இன்று கற்றோராகிய நம்மையும் நோக்குகின்றது. ஊழியஞ் செய்யக் கிராமத்திற்குச் செல்லும் மாணாக்கர், தாம் கற்பிக்கப் போகின்றோம் என்று மட்டும் எண்ணாது, கற்கவும் போகின்றோம் என்று எண்ணுவாராக. இறங்குதலினும் இணங்குதலே நன்று.