பதினொரு படுக்கையும் ஒரு நோக்கமும்

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு உறவினர்கள் ஒரு திட்டத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். காலையில் செய்தித்தாள், மாலையில் கோயில், முடிந்தால் ஒரு காசிப் பயணம். 1976இல் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி வேறு திட்டம் வைத்திருந்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த அவர், அதே ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆறு படுக்கைகள் பணம் கட்ட முடியாதவர்களுக்கு, ஐந்து கட்டணம் செலுத்துவோருக்கு. அதற்காக வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்தின் நகைகளும் அடகுக்குப் போயின.

இந்த வயதில் இவ்வளவு துணிச்சல் எப்படி வந்தது என்று பலரும் வியப்பதுண்டு. ஆனால் நமக்குப் பயன்படும் பாடம் அதற்கு முந்தைய இருபது, முப்பது ஆண்டுகளில் இருக்கிறது.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் வெங்கடசாமி. பேறுகாலத்தில் உறவுப் பெண்கள் இறந்துபோனதைப் பார்த்து வளர்ந்ததால், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கிருக்கும்போது முடக்குவாதம் தாக்கியது. 1948இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். நெடுநாள் படுத்த படுக்கை. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் வேலை இனி நடக்காது என்று ஆனபிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களால் கத்தியைப் பிடித்துப் பழகினார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வாழ்க்கையின் நோக்கத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்ற கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வியில் தவறில்லை. ஆனால் அதற்கு வரும் பதில் வயதுக்கு வயது, சில சமயம் மாதத்துக்கு மாதம் மாறும். வெங்கடசாமிக்குப் பிடித்த துறை கைவிட்டுப் போனது. நிலைத்து நின்றது, அவர் வேலை பார்த்த இடத்தில் தீராமல் கிடந்த ஒரு தேவை. 1956இல் மதுரைக்கு வந்த பிறகு கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்களுக்குப் போனார். அங்கே வந்தவர்களில் மிகப் பலர் கண்புரையால் பார்வை இழந்தவர்கள். ஓர் அறுவைச் சிகிச்சை செய்தால் மீண்டும் பார்வை வந்துவிடும். தீர்வு தெரிந்தும் அது போய்ச் சேராத ஜனங்கள். தேவையின்றி நேரும் பார்வையிழப்பை ஒழிப்பது என்று அவர் தமக்கு வகுத்துக்கொண்ட நோக்கம், அந்த முகாம்களில் முகத்துக்கு முகம் பார்த்து உருவானது.

ஆகவே, நோக்கம் தேடுகிறவர் முதலில் தம் வேலைக்கு அருகிலேயே பார்ப்பது நல்லது. வங்கி ஊழியருக்குத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் யார் என்று. செவிலியருக்குத் தெரியும், சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறவர் ஏன் நிறுத்துகிறார் என்று. இந்த அறிவு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. பல வருஷ உத்தியோகத்தில் சம்பளத்தோடு சேர்ந்து வந்த சொத்து அது.

எழுதி வைத்தால் போதும், இலக்கு கைகூடும் என்பதற்கு மேடைப் பேச்சாளர்கள் ஒரு கதை சொல்வார்கள். 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறியவர்களில் மூன்று சதவீதம் பேர் மட்டுமே இலக்குகளை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், மீதிப் பேர் அனைவரையும்விட அவர்களிடம் அதிகச் சொத்து இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் எழுதியது தினசரி வேலைமுறையாக மாறவில்லை என்றால் அது டைரியிலேயே தங்கிவிடும்.

அரவிந்தில் நோக்கம் வேலைமுறையாக மாறிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்புரை நோயாளிகள் லட்சக்கணக்கில். அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர்களோ மிகக் குறைவு. ஆக, மிக அரிய பொருள் மருத்துவரின் நேரம். அதைக் காப்பாற்ற வேண்டும். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள்: ஒன்றில் சிகிச்சை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். எந்தக் கிளையிலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் பரிமாறும் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை வெங்கடசாமி வியந்து கவனித்தது இதற்காகத்தான்.

இலவச அறுவை என்று அறிவித்தும் பலர் வரவில்லை. விசாரித்தபோது காரணங்கள் தெரிந்தன: பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு ஆள் இல்லாமை, அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை, பயம். அதன்பின் முகாமிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பஸ்ஸில் கூட்டமாக அழைத்து வந்து, உணவும் கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதியில் மிக விலை உயர்ந்ததாக இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே தயாரித்து விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். நோக்கம் ஒரு தடவைகூட மாறவில்லை. வழிமுறை மாறிக்கொண்டே இருந்தது.

தனி மனிதரின் திட்டத்துக்கும் இதே சோதனையை வைக்கலாம். இந்த வேலையில் நான் மட்டுமே செய்யக்கூடியது எது? மற்றதை யார் செய்வார்? பயன்பெற வேண்டியவர் ஏன் வரவில்லை?

இதை எழுதுகிறவர் கிராமத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். வகுப்பு நேரத்தை அலுவலகம் முடியும் நேரத்தை வைத்து முடிவு செய்யாமல், கடைசி டவுன் பஸ்ஸை வைத்து முடிவு செய்த பிறகுதான் பெண் பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள். பாடத்திட்டத்தைவிட அந்தப் பஸ் நேரம் பெரிய விஷயமாக இருந்தது.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். 58 வயதுவரை வெங்கடசாமி சம்பளத்தை விடவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் சொந்தத் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவமனையையும் நன்கொடையை மட்டும் நம்பி நடத்தவில்லை. கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் கட்டணம் இல்லாதோருக்கான சிகிச்சை நடந்தது. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் ஃபீஸும் இருக்கும் ஒருவர் நாளைக்கே ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டியதில்லை. ஓராண்டுக் குடும்பச் செலவைத் தனியாக ஒரு ஆர்.டி.யில் சேர்த்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலையை மட்டும் நோக்கத்துக்கு ஒதுக்கித் தொடங்குவது கௌரவக் குறைச்சல் அல்ல. வீட்டாரிடம் முன்னதாகவே பேசிவிட வேண்டும். வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரவிந்தின் தொடக்க காலத்திலிருந்தே உடன் உழைத்தவர்கள். அந்தத் துணை இல்லையென்றால் 11 படுக்கைகள் பெருகியிருக்காது.

எல்லோருக்கும் காத்திருத்தல் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. வெங்கடசாமி பிறந்த அதே கரிசல் மண்ணில் நேர் எதிரான முடிவை எடுத்தவர் இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மழையை நம்பிப் பிழைக்கும் ஏழை விவசாயிக்கு, உரமும் வீரிய விதையும் வாங்கச் சொல்லும் ஆராய்ச்சி உதவாது என்ற முடிவுக்கு வந்து 1969இல் வேலையை விட்டார். பிறகு பத்தாண்டுகள் களக்காட்டில் விவசாயிகளோடு தங்கிக் கற்றுக்கொண்டார். வேலையே நோக்கத்துக்குக் குறுக்கே நின்றால் விலகுவது நியாயம். வேலை நோக்கத்துக்குப் பயிற்சிக்களமாக இருந்தால் தங்குவது நியாயம். இந்த இரண்டில் தம்முடையது எது என்று நேர்மையாகப் பார்ப்பதற்கு எந்த வாழ்க்கைத் திட்டப் படிவமும் உதவாது.

திட்டத்தில் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு வரி உண்டு: எனக்குப் பிறகு யார்? வெங்கடசாமி 2006 ஜூலையில் காலமானபோது, அவர் பயிற்றுவித்த மருத்துவர்களும் குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி மருத்துவமனைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் அவர் 2009இல் உருவாக்கிய வானகம் என்ற பண்ணையில் அதன் பிறகும் இயற்கை வேளாண் பயிற்சிகள் நடந்து வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டத் தாளை எடுத்துப் பார்க்கிறவர், செலவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே தாம் வேலை கற்றுக்கொடுத்துவரும் இரண்டு பேரின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். பெயர் எதுவும் தோன்றவில்லை என்றால், அடுத்த ஆறு மாதத்துக்கான முதல் வேலை அந்த ஆட்களைத் தேடுவது.