கல்லீரல் நோயாளிக்குப் பேதி மருந்து எதற்கு?



சென்ற ஆண்டு நம் டிரஸ்டின் மருத்துவ உதவிக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் பல ஆண்டுகள் உடம்பில் தங்கி, கல்லீரல் சுருங்கிப்போன ஒரு சகோதரருடையது. வைரஸுக்கான டெனோஃபோவிர் மாத்திரைக்கு உடனே பணம் ஒதுக்கினோம். அதற்குக் கீழே லாக்டுலோஸ் சிரப் என்று எழுதியிருந்தது. மலச்சிக்கல் மருந்துதானே, அவர்களே வாங்கிக்கொள்வார்கள் என்று அதை அடித்துவிட்டோம். அவர்கள் வாங்கவில்லை.

சில வாரங்களில் அவர் பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருக்க ஆரம்பித்தார். இஷா தொழுதுவிட்டு மறுபடியும் இஷாவுக்கே நின்றார். பெற்ற மகனைப் பார்த்து "நீ யாரு?" என்றார். வீட்டார் ஜின் கோளாறு என்று பயந்து ஓதிப் பார்க்க அழைத்துப் போனார்கள். நினைவு தப்பிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார். இதில் எங்கள் பங்கும் உண்டு என்பதால்தான் இதைப் பற்றிப் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் எழுதுகிறோம்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. நாம் உண்டதன் சத்து மட்டுமல்ல, குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கழிவும் அதே இரத்தத்தில்தான் வந்து சேருகிறது. அவற்றில் முக்கியமானது அம்மோனியா. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும், அது சிறுநீரில் போய்விடும். வைரஸ் பல ஆண்டுகள் அரித்துத் தழும்பேறிய கல்லீரலால் அது முடிவதில்லை. இரத்தமும் கல்லீரலுக்குள் நுழைய வழியில்லாமல் பக்கவழியில் திரும்பிவிடுகிறது. அம்மோனியா நேராக மூளைக்குப் போகிறது. அந்தச் சகோதரருக்கு நேர்ந்தது இதுதான்.

கெடுதல் ஒருவழிப் பாதையும் அல்ல. கல்லீரல் கெட்டால் பித்தநீர் குறைகிறது, குடலின் நல்ல பாக்டீரியா குறைந்து கெட்டவை பெருகுகின்றன, குடல் சுவரின் கட்டும் தளர்கிறது. கிருமிகள் வெளியே கசிந்து, வயிற்றில் சேர்ந்த நீரில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் நீர் கட்டியவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

இனி அந்தச் சிரப். லாக்டுலோஸ் என்பது நம் உடம்பால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தில் அம்மோனியா இரத்தத்தில் ஏற முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு போய்விடுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும் என்பதே கணக்கு. "பேதியாகுது" என்று நிறுத்திவிடுவது தவறு. அதற்காகத் தண்ணீராகப் போகும் அளவுக்கு ஊற்றுவதும் தவறு, நீர்ச்சத்து வற்றினாலும் இதே மயக்கம் வரும். சிலருக்கு ரிஃபாக்ஸிமின் என்ற மாத்திரையையும் சேர்த்துத் தருவார்கள். அதுவும் குடல் பாக்டீரியாவுக்கானதே.

நோயாளியை நீட்டிய கையோடு உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பறவை சிறகடிப்பதுபோல் கை தளர்ந்து தளர்ந்து ஆடினால், தூக்கம் தலைகீழானால், கையெழுத்து கோணினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். துஆ செய்யுங்கள், ஓதுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆட்டோவை முதலில் மருத்துவமனைக்கு விடச் சொல்லுங்கள். தூக்கமில்லை என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அது நிலையை இன்னும் மோசமாக்கும்.

குடல் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்குமே நேரடித் தொடர்பு உண்டா என்றும் ஆராய்கிறார்கள். ஹெபடைடிஸ் பி பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோருக்குத் தானே போய்விடுகிறது. 2015இல் தைவான் ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைச் சோதித்தார்கள். வளர்ந்த எலிகள் வைரஸை விரட்டின. வளரும் காலத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்த எலிகளால் அது விரைவில் முடியவில்லை. எலியிடம் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று இல்லை. இதை வைத்து யாராவது 'நல்ல பாக்டீரியா' கேப்சூல் விற்க வந்தால், அதை நம்பி டெனோஃபோவிரை நிறுத்திவிடாதீர்கள்.

உணவில் ஒரு தப்பு நம் வீடுகளில் அதிகம். கல்லீரல் நோய் என்றதும் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியாகவே கொடுக்கிறார்கள். புரதம் இல்லாவிட்டால் தசை உருகிவிடும். அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு. மருத்துவர் குறைக்கச் சொன்னாலொழியக் குறைக்காதீர்கள். படுக்கும் முன் ஏதாவது சிறிது சாப்பிடுவதும் நல்லது.

அப்படியானால் ரமலான் நோன்பு? கல்லீரல் சுருங்கியவருக்கு நீண்ட பட்டினியும் தாகமும் மலச்சிக்கலும் சேர்ந்தே வருவதால் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் ஃபித்யா பற்றி நம் ஹஜ்ரத்திடம் விளக்கம் பெறலாம். உம்மாவோ வாப்பாவோ பிடிவாதமாக நோன்பு வைத்தால், மார்க்கம் தந்த சலுகையைப் பிள்ளைகள்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

லாக்டுலோஸ் பில்லை இப்போது நாங்கள் அடிப்பதில்லை. மருந்துச் சீட்டோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் மற்ற எல்லோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா என்று பிரசவ வார்டிலேயே கேட்டுவிடுங்கள்.