வேரில் குடியிருக்கும் பங்கசுக்குப் பெயர் வைப்பது எப்படி?

பங்கசு என்றதும் நமக்கு நோய்தான் ஞாபகம் வரும். கொப்புள நோய் கொழுந்தைக் கெடுக்கிறது. வேர் நோய் செடியையே சாகடிக்கிறது. ஆனால் எல்லாப் பங்கசும் பகையாளி இல்லை. தேயிலை வேருக்குள் குடியிருந்து, மண்ணில் நூல் போன்ற இழைகளை விட்டு, பொசுபரசுச் சத்தைத் தேடிக் கொடுப்பவையும் உண்டு. கூலியாகச் செடி உண்டாக்கும் சீனியையும் கொழுப்பையும் வாங்கிக்கொள்ளும். வேரும் பங்கசும் சேர்ந்த இப்படியான கூட்டுக்கு 1885இல் ஜேர்மனி விஞ்ஞானி பிராங்க் 'மைகொரைசா' என்று பெயரிட்டார்.

தேயிலையில் உள்ள வகையில் இதுவரை பெயர் பெற்றவை 300க்குச் சற்று அதிகமான இனங்களே. புதிதாக ஒன்று கிடைத்தால் செய்வது இதுதான்:

1. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் வடித்து, வித்திகளைப் பொறுக்குவார்கள்.

2. நுணுக்குக்காட்டியில் வித்தியின் நிறம், பருமன், சுவரின் படைகள், காம்பு ஒட்டியிருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

3. டீ.என்.ஏ.யைத் தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள்.

4. புதிதுதான் என்றால் சாதிப்பெயர், இனப்பெயர் என இரண்டு சொல்லில் பெயர் வைப்பார்கள். இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரம் வெளியிட்டு, மாதிரி ஒன்றைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். 2013 முதல் பதிவு இலக்கமும் கட்டாயம்.

ஒரு பெயருக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என்றால் உழைத்த காசை எடுக்க எத்தனை தடவை அலைகிறோம்! பங்கசுக்கும் அதே கதைதான்.

1982இல் அமெரிக்காவின் புளோரிடாவில், தோடை இன மரங்களின் வேரில் கிடைத்த பங்கசுக்கு 'குளோமஸ் இன்ட்ராராடிசஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு கனடாவின் கியூபெக்கில் கிடைத்த ஒன்றையும் அதுவே என்று எண்ணினார்கள். உலகெங்கும் ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள், உயிர்ப்பசளையாகவும் விற்றார்கள். 2009இல் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டபோது இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது! கனடாப் பங்கசு இப்போது 'ரைசோபாகஸ் இர்ரெகுலாரிஸ்'. பல வருஷமாக ஒருவருடைய வேலை இன்னொருவர் பேரில் விழுந்த மாதிரிதான்.

நமக்கு இதில் என்ன? ஓரிடத்தில் பலன் தந்த பங்கசு எது என்று சரியாகத் தெரிந்தால்தான் அதையே இன்னொரு தவறணையிலும் போட்டுப் பார்க்க முடியும். ஆகவே உயிர்ப்பசளை என்று யாராவது பொதி கொண்டுவந்தால், உள்ளே இருப்பது எந்த இனம் என்று முதலில் கேட்போம்.

பிள்ளைகளே, சிந்தியுங்கள்: ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் என்ன குழப்பம் வரும்? இரண்டு இனத்துக்கு ஒரே பெயர் என்றால்?