இறவாரம் நீட்டலாமா?

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தகரக் கூரை வேய்ந்த லேத்துப் பட்டறைகளை நாம் காண்கிறோம். சிலவற்றில் கூரை சுவரோடு நின்றுவிடுகிறது. அதை 2 அடி வெளியே நீட்டினால் நன்மையா, தீமையா? ஆராய்வோம்.

முதலில் நன்மை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கிறது. இறவாரம் சாரலைக் குறைக்கும். கூரைநீர் சுவரடி மண்ணை அரிக்காமல் தள்ளி விழும். நிழலும் உண்டு. டிசம்பர் 22 நண்பகலில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கிறது. நாம் கற்ற முக்கோணவியலின்படி, தெற்குச் சுவரில் 2½ அடிக்கு மேல் நிழல் விழும்.

இனித் தீமை. புயற்காற்று இறவாரத்தைக் கீழிருந்து தள்ளும், மேலிருந்து இழுக்கும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரை கடந்த வர்தா புயலை மறக்கலாகுமா? மற்றொன்றும் உண்டு. கடற்காற்றின் உப்பு தகரச் சுவரில் படிகிறது. திறந்த சுவரை மழை கழுவிவிடும். இறவாரத்தின் அடியிலோ உப்பு தங்கி, ஈரத்தை ஈர்த்து, துருவை வளர்க்கும்.

ஆகவே நீட்டலாம், ஆனால் அளவோடு. இரும்புத் தாங்கிகள் கொடுத்து, ஓரங்களில் போல்ட்டுகளை நெருக்கமாக முடுக்க வேண்டும். மழை படாத இடத்தை அடிக்கடி நன்னீரால் கழுவ வேண்டும். பாறைமேல் வீடு கட்டியவனைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை நாம் அறிவோம். அடித்தளத்தைப் போலவே கூரையின் ஓரமும் உறுதியாக இருக்கட்டும். அதன்கீழ் உழைப்பவர்கள் நம் தந்தையரும் தமையன்மாரும் அன்றோ!