படைப்புத் தொகுப்பு

ஓராண்டுக் கல்வியை ஒரு நாள் தேர்வு முற்றும் அளந்துவிடுமோ? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற மாநிலங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள வெர்மாண்ட். அங்கு 1991-92ஆம் கல்வியாண்டில், நான்காம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படைப்புத் தொகுப்பு முறை மாநில அளவில் நடைமுறைக்கு வந்தது. நான்காம் வகுப்புச் சிறுவரும் ஆண்டு முழுவதும் தாம் எழுதிய கட்டுரைகளையும் செய்த கணக்குகளையும் தொகுத்துக் காத்தனர். தம் எழுத்துகளுள் சிறந்தது இஃது எனத் தாமே தேர்ந்து, அதன் காரணத்தையும் கடிதமாக வரைந்தனர்.

ஆசிரியர்கள் விடையை மட்டுமன்றி, அதனைக் கண்ட வழியையும் நோக்கலாயினர். சிந்தித்துத் தீர்க்கும் கணக்குகளுக்கு வகுப்பில் மிகுந்த நேரம் ஒதுக்கினர். ஆயினும் இடர்ப்பாடு ஒன்று தோன்றியது. ஒரே தொகுப்புக்கு இருவர் இட்ட மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்திருக்கவில்லை என்பதை ராண்டு ஆய்வு நிறுவனம் 1992இல் எடுத்துக்காட்டியது. ஆதலின், பள்ளிகளைத் தம்முள் ஒப்பிடும் துலாக்கோலாக அத்தொகுப்பு அமையவில்லை.

எனினும், அதனால் விளையும் பயன் வேறொன்று உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் எழுதிய தாளையும் இறுதியில் எழுதிய தாளையும் அருகருகே வைத்து நோக்கும் சிறுவன், பிறர் கூறாமலே தன் வளர்ச்சியை உணர்வான். இன்னும் திருந்த வேண்டுவது யாது என்பதையும் அறிவான்.