ஹெட் வேலைக்கு எந்தப் பட்டறை?

மாரிமுத்துவின் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடகத்தில் தமிழர்கள் நிறைய வாழும் ஊர் அது. அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. மாரிமுத்து வண்டி ஓட்டப் பழகினார்.

இப்போது சொந்தமாக ஒரு குட்டி யானை வைத்திருக்கிறார். குட்டி யானை என்றால் சிறிய டீசல் சரக்கு வண்டி. கிராமங்களில் தக்காளி ஏற்றுவார். கோலார் சந்தையில் இறக்குவார். வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான்.

ஒரு நாள் விடியற்காலை. பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. ரேடியேட்டர் குழாயில் தண்ணீர் ஒழுகியது. மாரிமுத்து அதைப் பார்த்தார். ஆனால் தக்காளி ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. நிறுத்தாமல் ஓட்டினார். சந்தை வாசலில் வண்டி நின்றுவிட்டது.

ஊர் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்.

"அண்ணே, கேஸ்கட் போயிடுச்சு. ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி இருக்கு. ஹெட்டும் வளைஞ்சிருக்கும். பெங்களூர்ல ரீபோரிங் பட்டறையில கொடுத்துச் சரி பண்ணிட்டு வாங்க. நான் மாட்டித் தர்றேன்" என்றார்.

மாரிமுத்துவின் மனைவி கமலா மகளிர் குழுவில் 6,000 ரூபாய் கடன் வாங்கினார். கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஹெட் என்பது என்ன?

எஞ்சினில் டீசல் எரியும் இடம் சிலிண்டர். அதன் மேல் மூடிதான் ஹெட். ஹெட்டில் வால்வுகள் இருக்கும். ஒரு வால்வு காற்றை உள்ளே விடும். மற்றொன்று புகையை வெளியே விடும். வால்வு உட்காரும் இடம் சீட். வால்வு மேலும் கீழும் ஓடும் குழல் கைடு. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தகடு கேஸ்கட்.

பல வண்டிகளில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அதிகச் சூடு ஏறினால் அது வளையும். சில சமயம் விரிசலும் விடும். வளைந்த ஹெட்டின் மேல் எத்தனை புதிய கேஸ்கட் போட்டாலும் நிற்காது.

மூன்று பட்டறைகள்

மாரிமுத்துவும் கமலாவும் ஹெட்டைச் சாக்கில் கட்டினார்கள். மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூரு போனார்கள். ஜே.சி. ரோடு பக்கம் வண்டிச் சாமான் கடைகள் நிறைய உண்டு. அங்கே விசாரித்து மூன்று பட்டறைகளுக்குப் போனார்கள்.

முதல் பட்டறைக்காரர் சாக்கைக்கூடப் பிரிக்கவில்லை.

"2,500 ரூபாய். ரெண்டு மணி நேரத்துல இழைச்சுத் தர்றேன்" என்றார்.

"பில் கிடைக்குமாங்க?" என்று கமலா கேட்டார்.

"பில்லெல்லாம் கிடையாதும்மா."

இரண்டாவது பட்டறை பெரியது. வாசலில் பந்தய பைக் படங்கள் ஒட்டியிருந்தன.

"காத்து போற வழியைக் குடைஞ்சு பெரிசாக்கி, பாலிஷ் போட்டுடலாம். ஒரு மில்லிமீட்டர் கூடுதலா இழைச்சுட்டா கம்ப்ரஷன் ஏறும். லோடோட மேட்டுல பறக்கும் அண்ணே. 9,000 ரூபாய்" என்றார் அங்கிருந்தவர்.

மாரிமுத்துவுக்கு ஆசை வந்தது. கமலா கேட்டார்: "எவ்வளவு பலம் கூடிச்சுன்னு அளந்து காட்டுவீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே ஒரு பெரியவர் இருந்தார். அவர் விலை சொல்லவில்லை. முதலில் ஹெட்டைக் கழுவினார். அதன் முகத்தில் நேரான இரும்பு மட்டக்கோலை வைத்தார். இடுக்கில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்து அளந்தார். பிறகு தண்ணீர் ஓடும் துளைகளை அடைத்தார். காற்று அடித்துத் தண்ணீரில் முக்கினார். குமிழி வரவில்லை.

"விரிசல் இல்லை தம்பி. நல்ல காலம். விரிசல் இருந்தா சோதிச்ச கூலியை மட்டும் வாங்கிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

அடுத்து ஹெட்டைத் தலைகீழாக வைத்தார். வால்வுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார். இரண்டு வால்வுகளில் எண்ணெய் கசிந்தது. அதன் பிறகுதான் தாளில் எழுதினார்.

கழுவிச் சோதிக்க: 400
முகம் இழைக்க: 800
புகை வால்வு 2: 700
கைடு 4: 600
சீல் 4: 200
சீட் வெட்டி வால்வு பொருத்த: 1,200
மொத்தம்: 3,900 ரூபாய்

கமலா தாளை வாங்கினார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது.

"முதல் கடையைவிட 1,400 அதிகமா இருக்கேங்க" என்றார் மாரிமுத்து.

"தம்பி, வெறுமனே இழைச்சா முகம் சரியாகும். கசியற வால்வு அப்படியேதான் இருக்கும். கேஸ்கட் மறுபடி போனா என்ன செலவு? நீங்களே கணக்குப் போடுங்க."

கமலா விரல் விட்டு எண்ணினார். புதுக் கேஸ்கட் 700. பிரித்து மாட்டும் கூலி 1,500. இதுவே 2,200 ஆகிறது. வண்டி ஓடாத நாட்களின் நட்டம் தனி.

"பலம் கூட்டுறதா ஒருத்தர் சொன்னாரே, ஐயா?" என்று மாரிமுத்து கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "பந்தய வண்டிக்கு அது சரி. காத்து ஓடுறதை மிஷின்ல அளந்து அளந்து குடைவாங்க. டீசல் பம்பையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். வழியை மட்டும் குடைஞ்சா பலம் வராது. அதிகமா இழைச்சா வால்வு பிஸ்டனில் இடிக்கும். எஞ்சினே போயிடும். உங்க வண்டி இழந்த பலம் எங்கே போச்சு? கசியற வால்வு வழியாத்தான் போச்சு. அதை அடைச்சா பழைய இழுவை தானே வரும்."

வேலையை அங்கேயே கொடுத்தார்கள்.

வேலை முடிந்த பிறகு

மூன்றாம் நாள் ஹெட் தயாரானது. பெரியவர் அவர்கள் கண் முன்னே மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டும் கசியவில்லை. கழற்றிய பழைய வால்வுகளையும் கைடுகளையும் கையில் கொடுத்தார். எவ்வளவு இழைத்தார், எந்தக் கனத்தில் கேஸ்கட் போட வேண்டும் என்பதைப் பில்லில் எழுதினார்.

மீதிப் பணம் 2,100 ரூபாய். அதில் கேஸ்கட், ரேடியேட்டர் குழாய், புதிய ஆயில் வாங்கினார்கள். ஊர் மெக்கானிக் தன் கூலியை இரண்டு தவணையாக வாங்க ஒப்புக்கொண்டார். அவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, வரிசைப்படி, அளவுக் கருவி வைத்து முடுக்கினார். ஒரே பக்கமாக முடுக்கினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும்.

ஒழுகிய குழாயை மாற்றியது முக்கியம். சூடு ஏறிய காரணத்தைச் சரி செய்யாவிட்டால், செய்த வேலை எல்லாம் வீண்.

இப்போது வண்டி ஓடுகிறது. முள் கொஞ்சம் ஏறினாலும் மாரிமுத்து ஓரம் கட்டிவிடுகிறார். ஒரு நாள் ஏலம் போனால் போகட்டும் என்கிறார். பில் கமலாவின் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நினைவில் வையுங்கள்

1. அளந்து பார்த்த பிறகு விலை சொல்லும் பட்டறையே நல்ல பட்டறை.
2. என்ன வேலை, என்ன சாமான், என்ன விலை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.
3. கையில் பணம் குறைவா? முதலில் விரிசல் சோதனை, முகம், வால்வு, சீட், கைடு. பலம் கூட்டும் வேலை கடைசியில்தான்.
4. பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்.
5. பில் கேட்பது நம் உரிமை. வேலை செய்துவிட்டுப் பில் தராமல் இருப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. குறை இருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.
1. ஹெட் ஏன் வளைந்தது?
2. பெரியவர் விலை சொல்லும் முன் என்னென்ன சோதித்தார்?
3. இரண்டாவது பட்டறைக்காரர் கமலாவுக்கு ஏன் பதில் சொல்லவில்லை?

ஆ. கணக்குப் போடுங்கள்.
புகை வால்வு 2-க்கு 700 ரூபாய். ஒரு வால்வின் விலை என்ன? 4 கைடுக்கு 600 ரூபாய். ஒரு கைடின் விலை என்ன?

இ. கலந்து பேசுங்கள்.
உங்கள் வீட்டில் பம்புசெட், தையல் மிஷின், மிதிவண்டி எதையாவது பழுது பார்க்கக் கொடுத்தீர்களா? பில் வாங்கினீர்களா? அதில் என்ன எழுதியிருந்தது? அடுத்த முறை அதை மையத்துக்குக் கொண்டு வந்து எல்லோரும் படித்துப் பாருங்கள்.